வினையும் பெயரும்: சிறார்க்கான தமிழ் ஞானோபதேச நூல்களில் நுண்பொருட் சொற்கள்

தமிழ் உரைநடையின் வரலாற்றை ஆராய்வோர், கிறித்தவ ஞானோபதேச நூல்களை அச்சுத் தொழிலின் தொடக்கத்திற்குச் சான்றாகவோ வடசொற் கலப்பிற்கு எடுத்துக்காட்டாகவோ சுட்டிவிட்டு அப்பாற் செல்வது வழக்கம். அந்நூல்களுட் பல யாவர்க்காக எழுதப்பட்டனவோ அவரை, அஃதாவது எழுத்தறியாச் சிறாரை, மனத்திற்கொண்டு அவற்றைப் படித்துப் பார்த்தார் மிகச் சிலரே. கண்ணாற் காணவியலாத பொருள்களை ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு எம்மொழியிற் சொல்லுவது, எவ்வகைச் சொல்லாற் சொல்லுவது என்னும் இடர்ப்பாடு அந்நூல்களின் ஒவ்வொரு பக்கத்திலும் உண்டு. அவ்விடர்ப்பாட்டை மொழிநிலையில் நின்று ஆராய்தலே ஈண்டு நாம் மேற்கொண்ட பணி. சமயக் கொள்கைகளின் மெய்ம்மையும் பொய்ம்மையும் நம் ஆராய்ச்சிக்குப் புறம்பானவை.

இவ்வாராய்ச்சிக்குத் தொடக்கமாக நிற்கத்தக்கது ஒரு பிழைத்திருத்தம். தூய சவேரியார் 1542ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழும் போர்த்துகீசியமும் அறிந்தார் சிலரைத் துணைக்கொண்டு சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளைகள் முதலியவற்றைத் தமிழ்ப்படுத்தி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்து, கையில் மணியொன்றை அடித்துக்கொண்டு ஊரெங்கும் நடந்து சிறுவரைக் கூட்டி ஓதுவித்தார். சிறுவர் தாம் கற்றதைத் தாய்தந்தையர்க்கும் அண்டை அயலார்க்கும் கற்பிக்கவேண்டும் என்பது அவர் ஏற்பாடு. 1544ஆம் ஆண்டு சனவரித் திங்களில் கொச்சியிலிருந்து அவர் வரைந்த மடல் இச்செய்திகளைக் கூறுகிறது. அடுத்த ஆண்டு, 1545இல், தம் உடனுழைப்பாளராகிய மன்சிலாசு என்பார்க்கு எழுதிய மடலில் அவர் ஒரு திருத்தம் சொல்லுகிறார். விசுவாச அறிக்கையில் ‘நம்புகிறேன்’ என்னும் பொருள் வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று தமிழர் ஓதி வந்தனர். வேணும் என்பது விரும்புதலைக் குறிக்குமேயன்றி விசுவசித்தலைக் குறியாது. ஆகவே அதனை மாற்றுக என்பது அத்திருத்தம். அதே மடலில் இன்னொன்றும் உண்டு. கிறித்து பட்ட பாட்டைச் சொல்லுமிடத்தில், ‘வன்பினாலே’ என்று நாம் படிக்கத்தக்க ஒரு சொல் வழங்கியது. அது வலியக் கட்டாயப்படுத்தப்பட்டார் என்னும் பொருளைத் தரும். அவரோ தம் விருப்பத்தாலே பாடுபட்டார். ஆதலின் அச்சொல்லும் நீங்குக என்றார்.

தமிழைச் சிறிதே கற்ற ஒருவர், இரண்டு ஆண்டுகளிற் கண்டுகொண்ட இப்பிழைகளை வெறும் மொழிபெயர்ப்புக் குறையென ஒதுக்குதல் நன்றன்று. ‘எனக்கு வேணும்’ என்பதில் நான் என்னும் எழுவாய் இல்லை. நான்காம் வேற்றுமை ஏற்ற ஒருவன் உளன், அவனுக்கு ஒரு தேவை உண்டாகிறது, அவ்வளவே. ‘விசுவசிக்கிறேன்’ என்பதிலோ எழுவாய் தன்மையிடத்ததாய் நின்று வினையைச் செய்கிறது. விசுவாச அறிக்கை கேட்பது இரண்டாவதனையே என்பதிற் சவேரியார்க்கு ஐயமில்லை. கொள்கை நோக்கில் அவர் திருத்தம் சரியானதே. ஆயினும் குழந்தையின் பக்கமிருந்து நோக்குவார்க்கு மற்றொன்றும் புலப்படும். தமிழ்க் குழந்தை முதன்முதற் பேசும் வினைகளுள் வேணும் என்பதும் ஒன்று. பாலும் வேணும், தாயும் வேணும், மடியும் வேணும். கடற்கரைச் சிறுவன் ‘எனக்குக் கடவுள் வேணும்’ என்று ஓதியபோது அவனுக்கு அத்தொடர் முற்றும் விளங்கியிருத்தல் வேண்டும். ‘விசுவாசம்’ என்று மாற்றியபின் தொடர் பிழையற்றதாயிற்று. விளக்கம் மட்டும் வேறொருவர் வந்து சொல்லவேண்டிய பொருளாயிற்று. இவ்விழப்பும் இப்பேறும் பின்னர் நான்கு நூற்றாண்டுக் காலம் தமிழ் ஞானோபதேச நூல்களைத் தொடர்ந்து வந்தன என்பது நம் கருத்து.

அச்சு நூல்களுக்கு வருவோம். 1554இல் இலிசுபன் நகரில் உரோமன் எழுத்தில் தமிழ் பொறித்து வெளிவந்த சிறு நூலும், 1578இல் கொல்லத்தில் அச்சான பதினாறு பக்கத் தம்பிரான் வணக்கமும் ஓதுதற்குரிய மந்திரங்களின் தொகுப்புகளே. 1579இல் கொச்சியில் அச்சான கிரிசித்தியானி வணக்கம் வேறு தன்மையது. அண்டிரிக்கு அடிகளார் தமிழ்ப்படுத்திய இதன் மூலம், மார்கோசு யோர்சே என்னும் சேசுசபைத் துறவி சிறுவர்க்குக் கற்பித்தற்கென்றே உரையாடல் வடிவில் போர்த்துகீசியத்தில் இயற்றியது. ஆகவே சிறார்க்கென அமைந்த வினாவிடை உரைநடை தமிழில் அச்சேறிய முதற்காலத்திலேயே தோன்றிவிட்டது எனலாம்.

வினாவிடை தமிழுக்குப் புதிதன்று. மெய்கண்ட சாத்திரங்களுள் ஒன்றாகிய மனவாசகங் கடந்தாரின் உண்மை விளக்கம் வினாவிடையாகவே நடக்கிறது. ஆயின் அந்நூலில் வினவுபவன் மாணாக்கன், விடையிறுப்பவர் ஆசிரியர். ஞானோபதேச நூலில் இது தலைகீழாகிறது. ஆசிரியர் வினவுகிறார், குழந்தை விடை சொல்லுகிறது. முன்னதில் அறியாதவன் கேட்கிறான். பின்னதில் அறிந்தவர் கேட்டு, அறியாதவனிடமிருந்து முற்றுப்பெற்ற விடையை எதிர்பார்க்கிறார். இவ்வேறுபாட்டை நம் இலக்கிய வரலாறுகள் போதிய அளவு கருதியதாகத் தெரியவில்லை. குழந்தையின் வாயில் வைக்கப்படும் விடை, அக்குழந்தை கேட்டிருக்கக்கூடிய வினாவிற்கு உரியதாக இராதபோது, அது மனப்பாடமாக நிற்குமேயன்றி மனத்தில் நில்லாது. பிற்காலத்தே விவிலிய மொழிபெயர்ப்பிற் பெர்சிவல் பாதிரியார்க்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர் சைவச் சிறார்க்கெனச் சைவ வினாவிடை வரைந்தபோது, உண்மை விளக்கத்தின் நெறியைக் கொள்ளாது ஞானோபதேச நெறியையே கொண்டார் என்பது வியப்பிற்குரியது. பள்ளியிற் பயிற்றுதற்கு அந்நெறி எளிது என்பது காரணமாகலாம். பல தலைமுறைக் கத்தோலிக்கச் சிறார் நெட்டுருச் செய்த சின்னக் குறிப்பிடமும் அந்நெறியதே.

இவ்விடத்து ஒரு விலக்கினையும் கூறவேண்டும். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழில் ஆக்கிய நூல்களுள் மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசமும் ஒன்று. 1529இல் வெளிவந்த அச்செருமானிய நூல் ஒவ்வொரு மந்திரத்தின் பின்னும் ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்கிறது: இதன் பொருள் என்ன? இஃது ஆசிரியர் வாயிற்போலவே குழந்தையின் வாயிலும் பொருந்தும் வினா. அதற்கு லூத்தர் தரும் விடையின் இயல்பும் கருதத்தக்கது. நாள்தோறும் வேண்டும் உணவு யாதென்னும் வினாவிற்கு அவர் இலக்கணம் கூற முற்படவில்லை. உண்பன, பருகுவன, ஆடை, காலணி, வீடு, நிலம், கால்நடை, பணம், நல்ல மழைவெயில், நல்ல அண்டைவீட்டார் என்று அடுக்கிக்கொண்டே போகிறார். படைப்பைப் பற்றிய விடையிலும் கண், காது என்று உறுப்புகளையே எண்ணத் தொடங்குகிறார். நுண்பொருளைப் பருப்பொருள்களின் அடுக்காக விரிக்கும் இம்முறை குழந்தைக்கு உரியது. தரங்கம்பாடி மணலில் வெறுங்காலோடு நடந்த சிறுவனுக்குக் காலணி அயற்பொருளாய் இருந்திருக்கலாம். எனினும் அடுக்கு அவனுடையது. தன் வீட்டுப் பொருள்களை அவனே அதனோடு சேர்த்துக்கொள்ள இயலும்.

இனி, சொற்களுக்கு வருவோம். இங்கேதான் தமிழாசிரியர்க்கு உரிய வேலை உளது.

மீட்பு என்னும் சொல்லை முதலிற் கொள்வோம். பழைய நூல்களில் இரட்சிப்பு, இரட்சணியம் என வழங்கிய இடத்தில் இன்று மீட்பு மிகுதியாக வழங்குகிறது. தனித்தமிழ் என்பதற்காக மட்டும் இதனைப் பாராட்டுவார் உளர். நாம் பாராட்டுவது அதனாலன்று. இரட்சிப்பு என்பது குழந்தைக்கு எச்செயலையும் காட்டாது. மீட்பு என்றவுடன் அடகுக்கடை நினைவிற்கு வரும். அம்மாவின் வளையலை அடகு வைத்ததும், பணம் சேர்ந்தபின் மீட்டு வந்ததும் அறியாத தமிழ் வீடுகள் குறைவு. தன்னுடைய பொருள், பிறர் கையிற் சிக்கிய பொருள், விலை கொடுத்தாலன்றித் திரும்பாத பொருள் என்னும் மூன்று கூறுகளும் அச்சொல்லிலேயே அடங்கியுள்ளன. கிரேக்க மூலச்சொல்லும் அடிமையை விலைகொடுத்து விடுவித்தலைக் குறித்தது ஆதலின் உவமை மூலத்திற்கு முரணானதன்று.

ஆயின் உவமை விளங்கிய மறுநொடியே குழந்தை ஒரு வினாவை எழுப்பும்: யாரிடம் அடகு வைத்திருந்தார்கள்? இவ்வினாவைக் கேட்டு நகைக்கும் ஆசிரியர், கிறித்தவ இறையியலின் வரலாற்றை அறியாதவர் ஆவர். நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரியார், விலை அலகைக்குக் கொடுக்கப்பட்டது என்றார். அவர் காலத்தவராகிய நசியான்சின் கிரகோரியார், கள்வனுக்கு அத்துணை விலையா என்று அதனை வன்மையாக மறுத்தார். பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்மு அவ்வுவமையையே விடுத்து, கடவுளின் மாண்பிற்குச் செலுத்தவேண்டிய ஈடு என்னும் வேறொரு விளக்கத்தை நாடினார். ஏழு நூற்றாண்டுகள் பேரறிஞர் வாதிட்ட வினாவை ஒரு குழந்தை ஒரு பொழுதில் எட்டிவிடுகிறது என்றால், அதற்கு வழிசெய்தது அச்சொல்லின் பருமைத்தன்மையே. இரட்சிப்பு என்னும் சொல் இவ்வினாவை எழுப்பாது. எழுப்பாமையால் அது பாதுகாப்பான சொல் என்று கருதுவார் கருதுக. நாம் அவ்வாறு கருதவில்லை. வினா எழாத இடத்தில் அறிவு எழுந்ததாகக் கொள்ள ஏதுவில்லை.

அருள் என்னும் பொருட்குரிய சொற்களின் வரலாறு இதனினும் சுவையானது. தொடக்கக்காலத்தார் போர்த்துகீசியச் சொல்லையே வைத்து எழுதினர். 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர் அவ்வயற்சொற்களை நீக்கித் தமிழ்நாட்டில் வழங்கிய சொற்களைப் புகுத்தினார். பிரசாதம் என்பது அவற்றுள் ஒன்று. வடமொழியில் அதற்குத் தெளிவு, கனிவு, தயவு என்னும் பொருள்கள் உண்டு. அவர் கருதியது அதுவே. குழந்தை கருதியதோ கோயிலிற் கையேந்தி வாங்கும் உணவு. இப்பொருட்பிறழ்ச்சியைக் குறையாகக் கண்டவர் பலர். நாம் அதனைத் தற்செயலாய் வாய்த்த பேறு என்போம். விலையில்லாமற் கிடைப்பது, வரிசையில் நின்றார் எல்லார்க்கும் கிடைப்பது, தகுதி நோக்காமற் கிடைப்பது, கையை நீட்டினாலன்றிக் கிடையாதது என்று அருளைப் பற்றி இறையியலார் நெடிது கூறுவன எல்லாம் அவ்விரு கைகளின் குழிவிற் கிடக்கின்றன. சீர்திருத்தத் திருச்சபையினர் கொண்ட கிருபை என்னும் சொல்லுக்கு இவ்வாய்ப்பு இல்லை. அதன் அடியாகத் தமிழில் ஓர் இயல்பான வினையும் பிறக்கவில்லை. கிருபை செய், கிருபை கூர் என்று துணைவினை கொண்டே நடக்கிறது. இன்று வழங்கும் அருள் என்பதோ பெயராகவும் வினையடியாகவும் நிற்கவல்லது. ஆயினும் வீட்டுப்பேச்சில் அச்சொல்லைக் குழந்தை கேட்பது அரிது. கோயிலின் முன் அருள் வந்து ஆடுவாரைப் பற்றிக் கேட்பதே மிகுதி. அப்பொருளை விலக்கிக் கற்பிக்கவேண்டிய சுமை ஆசிரியர்மேல் விழுகிறது.

ஆவி என்னும் சொல்லின் இடர் யாவரும் அறிந்ததே. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் உள்ள மூலச்சொற்கள் காற்று, மூச்சு என்னும் பொருளன. தமிழ் ஆவியும் மூச்சையும் உயிரையும் குறித்த பழஞ்சொல்லே ஆதலின் மொழிபெயர்ப்பில் தவறில்லை. ஆனால் இன்றைய குழந்தைக்கு ஆவி என்பது பேய். அன்றேல் இட்டலிப் பானையின் மூடியைத் திறந்தாற் கிளம்புவது. ஒரே கடவுள் மூவராய் இருத்தலை விளக்கப் பனிக்கட்டி, நீர், நீராவி என்னும் உவமையைக் கையாளுவாரை அடிக்கடிக் காண்கிறோம். ஒரு பொருள் மூன்று நிலைகளில் மாறித் தோன்றுதல் என்பது பண்டைத் திருச்சபை தவறென விலக்கிய கொள்கை. ஆகையால் உவமை கொள்கையளவிலேயே பழுதுடையது. தமிழிலோ இரட்டைப் பழுது. மூன்றாம் ஆளும் ஆவி, மூன்றாம் நிலையும் ஆவி என்று குழந்தை இரண்டையும் ஒன்றாகவே பிணைத்துக்கொள்ளும். பரிசுத்த என்பதைத் தூய என்று மாற்றிவிட்டதனால் இக்குழப்பம் நீங்காது. அடைமொழியைத் தூய்மை செய்தவர்கள் அடைகொண்ட சொல்லை நோக்கவில்லை. மூவொருமையைச் சிறுவர்க்கு அறிவுறுத்த உவமையினும் சிறந்த கருவி சிலுவை அடையாளம்: நெற்றி, மார்பு, தோள்கள் என்று கை செல்ல, மூன்று பெயர்களும் ஒரே செயலில் அடங்குகின்றன. சவேரியார் ஓதுவித்தவற்றுள் அதுவும் ஒன்றென்பதை நினைக.

தந்தை என்னும் உறவுச்சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் அப்பா என்னும் அரமேயச் சொல்லை மொழிபெயர்க்காது அப்படியே வைத்துள்ளது. ஒலியளவில் அது தமிழ் அப்பாவேயாக அமைந்தது தமிழாசிரியர்க்குக் கிடைத்த கொடை. இவ்வொலியொப்புமை கொண்டு இனவுறவு பேசுதல் கூடாது. அச்சொல் குழந்தையின் மழலை என்று எரேமியாசு வழியினர் பரப்பிய கருத்தையும் சேம்சு பார் 1988இல் மறுத்துவிட்டார். வளர்ந்தோரும் அச்சொல்லையே வழங்கினர் என்பது அவர் காட்டியது. அதனாலும் தமிழுக்கு இழப்பில்லை. நம் அப்பாவும் அறுபது வயது மகனும் சொல்லும் அப்பாவே. பிதா என்று வழிபாட்டிலும் அப்பா என்று வீட்டிலும் இருசொல் வழங்க, இரண்டும் ஒருவரையே குறிக்கும் எனக் குழந்தை உணர்வதற்கு அவ்விரு சொற்களும் அடுத்தடுத்து நிற்கும் அவ்விடமே துணை.

சொற்கள் காலந்தோறும் மாறுதலால் விளையும் இடரும் உண்டு. கடவுளைக் குறிக்கச் சீகன்பால்கு சருவேசுரன் என்றார். பப்ரிசியுசு பராபரன் என்றார். 1871இல் வெளிவந்த ஒன்றிணைந்த பதிப்பு தேவன் என்றது. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் கடவுள் என்றது. இம்மாற்றங்களைக் குழந்தை எளிதில் தாங்கும். ஒருவர்க்குப் பல பெயர் இருத்தலை அது அறியும். தாங்கவியலாதது வேறு. பழைய பதிப்பில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்று நற்பண்புகள் வரிசைப்பட்டன. திருவிவிலியத்தில் விசுவாசம் நின்ற இடத்தில் நம்பிக்கை வந்தது. நம்பிக்கை நின்ற இடத்தில் எதிர்நோக்கு வந்தது. வடசொல்லை நீக்கும் முயற்சியில் ஒரு தமிழ்ச்சொல் தன் இருக்கையை விட்டு அடுத்த இருக்கைக்கு மாறிவிட்டது. பாட்டியும் பேத்தியும் ஒரே சொல்லைச் சொல்லி இரு பொருளைக் கருதும் நிலை இதனால் உண்டாயிற்று. நம்பு என்னும் வினை ‘உன்னை நம்புகிறேன்’ என்பதிற் போல ஆள்மேற் செல்லுமாதலின் அம்மாற்றத்திற்கு நியாயம் உண்டு. எதிர்நோக்கு என்பதற்கோ அத்தகைய வீட்டு வழக்கு இல்லை. ஊருக்குச் சென்ற தந்தை வருவார் என்று வாயிற்படியில் நிற்கும் குழந்தை ‘காத்திருக்கிறேன்’ என்றே சொல்லும், எதிர்நோக்குகிறேன் என்னாது.

இங்கு ஒரு மறுப்பினை எதிர்கொள்ள வேண்டும். 1964இல் இங்கிலாந்தில் ரொனால்டு கோல்டுமன், முட்செடி எரிந்த கதை, செங்கடல் கடந்த கதை, இயேசு சோதிக்கப்பட்ட கதை ஆகிய மூன்றையும் பள்ளிச் சிறுவரிடம் சொல்லி அவர்தம் விடைகளை ஆராய்ந்து நூல் வெளியிட்டார். குமரப் பருவம் எய்துமுன் சிறுவர் சமயக் கருத்துகளைச் சொற்பொருளளவிலேயே கொள்ளுவர், நுண்பொருள் அவர்க்கு எட்டாது என்பது அவர் முடிபு. அவ்வாறாயின் எச்சொல்லாற் சொன்னால் என்ன என்று கேட்கலாம். கோல்டுமன் அளந்தது குழந்தை விளக்கிச் சொல்லும் ஆற்றலை. விளக்கிச் சொல்லுதல் பெயர்ச்சொற்களைக் கொண்டு செய்யும் வேலை. மன்னிப்பு என்பது யாது என்று கேட்டால் விழிக்கும் குழந்தை, தன் பலகையை உடைத்த தம்பியை மன்னித்துவிட்டாயா என்று கேட்டால் விடை சொல்லும். இல்லை என்றும் சொல்லும். கருத்து அதற்கு எட்டவில்லை என்பது பொருந்தாது. பெயராக எட்டவில்லை, வினையாக எட்டியிருக்கிறது. கி.பி. 400 அளவில் கார்த்தேசு நகரத்துத் திருத்தொண்டர் ஒருவர்க்குக் கற்பிக்கும் முறையை எழுதியனுப்பிய அகுசுதீனார், வரையறைகளை முன்வைக்காது தொடக்கமுதற் கதையாகச் சொல்லுக என்றதும் இதுபற்றியே என்று தோன்றுகிறது. கதை என்பது வினைகளின் கோவையன்றோ?

பனியனின் 1678ஆம் ஆண்டு நூலில் முதுகில் ஏறிய சுமையாகப் பாவம் காட்டப்பட்டதும், அந்நூலைத் தழுவிக் கிருட்டிண பிள்ளை 1894இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகம் அதனைக் காப்பிய நடையில் விரித்ததும் இவ்வழிப்பட்டனவே. ஆயினும் பிள்ளையவர்களின் செய்யுள் கற்றோர்க்கு உரியது. நம் பொருட்கு அணுக்கமானது வீரமாமுனிவர் வேதியர்க்கென எழுதிய வேதியர் ஒழுக்கம் போன்ற உரைநடை. குழந்தைகளிடம் நேரே நின்று சொன்னவர்கள் வேதியரே. அச்சிட்ட விடைக்கும் குழந்தையின் செவிக்கும் இடையே அவர் பேச்சுமொழியிற் கூட்டிச் சொன்ன விளக்கங்கள் எழுத்தில் ஏறாமற் போயின.

சின்னக் குறிப்பிடத்தின் பல்வேறு பதிப்புகளையும் தரங்கம்பாடி, தஞ்சை, பாளையங்கோட்டைப் பகுதிகளில் வழங்கிய சிறார் ஞானோபதேசங்களையும் தொகுத்து, ஒரே வினாவிற்குரிய விடை பதிப்புதோறும் எங்ஙனம் மாறியது என ஒப்பிடும் பணி முதுகலை மாணவர்க்கு ஏற்றது. பாவம் யாது என்னும் வினாவிற்குரிய விடைகளை முதலில் எடுத்துக்கொள்ளலாம். எப்பதிப்புகளில் அவ்விடை பெயரில் முடிகிறது, எப்பதிப்புகளில் வினையில் முடிகிறது என்று குறித்துக்கொள்ளுதல் வேண்டும். வினையில் முடிவனவற்றில் அவ்வினைக்கு எழுவாய் யார் என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.